ஜபல் அக்தர் மலைச் சாலையில் கடற்கரைக்காரர் வண்டி ஓட்டலாமா?

கேள்வி (கீழக்கரை):
அஸ்ஸலாமு அலைக்கும். ஏப்ரல் மாதம் மஸ்கட்டில் இருக்கும் மச்சான் வீட்டுக்குச் செல்கிறேன். ரோஜா பூக்கும் பருவம் என்பதால், ஓமானின் ஜபல் அக்தர் மலைக்கு நானே வண்டி ஓட்டிச் செல்ல ஆசை. இருபது ஆண்டுகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறேன் என்றாலும், நான் ஏறி இறங்கிய பெரிய மேடு பாம்பன் பாலம்தான். மச்சானிடம் இருப்பது சாதாரண சிறிய கார். அது போதுமா?

பதில் (பெரியபட்டினம்):
வ அலைக்குமுஸ்ஸலாம், காக்கா. சிறிய கார் போதாது. பிர்கத் அல் மௌஸ் ஊரைத் தாண்டியதும் மலையடிவாரத்தில் காவல் சாவடி இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாலை நல்ல தார்ச்சாலைதானே, பிறகு ஏன் இந்தக் கெடுபிடி என்று நானும் முதலில் முணுமுணுத்தேன். இறங்கும்போதுதான் காரணம் புரிந்தது. மேலே சைக் பீடபூமி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் தட்டுகள் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, மிதி மெத்தென்று உள்ளே போய்விடும். எனக்கு முன்னே சென்ற வண்டியின் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வந்ததை இன்றும் மறக்கவில்லை. எனவே உச்சியிலேயே கியரைக் குறைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்துவதை எஞ்சினிடமே விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கையால் கியரைக் குறைக்க வழி உண்டு. பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், இடைவெளி விட்டு மிதியுங்கள். வழியில் ஆங்காங்கே சாலையிலிருந்து மேல்நோக்கிப் பிரியும் சரளைப் பாதைகள், பிரேக் பிடிக்காத வண்டி ஏறி நிற்பதற்காகவே போடப்பட்டவை. அவற்றில் நின்று படம் எடுக்காதீர்கள்.

பதில் (மண்டபம்):
புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள், ஓராண்டு செல்லும். அங்கே ஸ்டியரிங் இடப்புறம், ஓட்டுவது வலப்புறம். நம் வண்டிப் பழக்கத்தில் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரை ஓடவிடுவீர்கள். கை பழகும்வரை இரண்டு நாள் சமவெளியில் ஓட்டிவிட்டு மலையேறுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஃபோர் வீல் வண்டியை வாடகைக்கு எடுக்கிறேன். ஏறும்போது நான் ஓட்டுகிறேன். இறங்கும்போது, மலைச் சாலை பழகிய மச்சான் ஓட்டட்டும்.

பதில் (பெரியபட்டினம்):
அப்படியே செய்யுங்கள், காக்கா. பன்னீர் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே மலைமேல் உள்ள அல் அய்ன் ஊருக்குப் போய்விடுங்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம்.