டிராக் காரை டிராக் ரேசில் ஓட்டினால் டிராக் கூடுமா? – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குறிப்பேடு – செவ்வாய், காலை 9.10

அனைவருக்கும் வணக்கம்.

ஊர்திப் பொறியியல் மாணவர்களுக்கான நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் இயலில் மாட்டிக்கொண்டேன். வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே செய்த காரை, கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தில் இறக்கினால் தேறுமா என்பதுதான் இயல். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். வந்த வாக்கியம் இது:

"டிராக் காரை டிராக் ரேசில் ஓட்டும்போது டிராக் அதிகமாவதால் நேரம் கூடுகிறது."

முதலாவது ஓடுதடம், இரண்டாவது பந்தயத்தின் பெயர், மூன்றாவது காற்றின் தடை. மறுநாள் படித்தபோது எழுதிய எனக்கே புரியவில்லை. வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

கரும்பலகை – செவ்வாய், காலை 11.25

இதற்கு ஏன் புதுச்சொல்? ஓடுதடத்துக்கு 'ட்ராக்', பந்தயத்துக்கு 'டிராக்' என்று எழுதுங்கள். நான் வகுப்பில் அப்படித்தான் எழுதிப் போடுகிறேன், பையன்களுக்குப் புரிகிறது.

குறிப்பேடு – செவ்வாய், காலை 11.40

> பையன்களுக்குப் புரிகிறது

வகுப்பில் நீங்கள் வாயால் சொல்கிறீர்கள் ஐயா, அதனால் புரிகிறது. புத்தகத்துக்கு வாய் இல்லையே. ஒரு புள்ளியை நம்பி ஓர் இயலையே நடத்த முடியுமா?

செந்தமிழ்ப்பித்தன் – செவ்வாய், பிற்பகல் 2.05

டகரம் மொழிக்கு முதலாகாது. ட்ராக்கும் வேண்டாம், டிராக்கும் வேண்டாம். அந்தப் பந்தயப் பெயருக்கு ஆங்கிலத்தில் இழுத்தல் என்றுதானே பொருள், 'இழுவை ஓட்டம்' என்று வையுங்கள். 'பந்தயம்' என்பதையும் கைவிடலாம். தெலுங்கில் பந்தெம், கன்னடத்தில் பந்த்ய என்று ஊரெல்லாம் சுற்றும் சொல், நமக்கு எதற்கு? 'ஓட்டம்' போதும்.

திருகுசாவி – செவ்வாய், இரவு 10.40

பட்டறையிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

> இழுவை ஓட்டம்

யார் யாரை இழுக்கிறார்கள் ஐயா? இழுவை வண்டி என்றால் எங்கள் ஆட்களுக்குப் பழுதான காரைக் கட்டி இழுத்துப்போகும் வண்டி. டிராக்டரையும் இழுவை என்பார்கள். போதாக்குறைக்கு இயற்பியல் புத்தகத்தில் காற்றுத்தடைக்கும் இழுவை விசை என்றே பெயர். 'இழுவைக் குறைவான கார் இழுவையில் வெல்லும்' என்று எழுதப்போகிறீர்களா? அந்த ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்பதற்கே நாலு கதை சொல்கிறார்கள். ஊரின் பிரதான சாலைக்கு அப்படியொரு பெயர் இருந்தது என்பார்கள், கியரை மாற்றாமல் இழுத்துப் பிடித்து ஓட்டுவதால் என்பார்கள். மூலமே தெரியாத சொல்லை எதற்கு மொழிபெயர்க்க வேண்டும்? பந்தயத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வையுங்கள்.

என்ன நடக்கிறதென்றால், இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கிளம்பும். நேரே போகும், முடிந்தது. முதல் 60 அடியிலேயே பாதி தலையெழுத்து எழுதியாகிவிடும். கிளம்பும் நொடியில் காரின் எடை பின்சக்கரத்துக்குச் சாய வேண்டும், அப்போதுதான் டயர் தரையைக் கவ்வும். வளைவுக்குச் செய்த கார் இதற்கு நேரெதிர். சாயவே கூடாது என்று ஸ்பிரிங்கை இறுக்கி, உடலைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். ஈர்ப்பு மையம் தாழத் தாழப் பின்னால் போகும் எடையும் குறையும். வளைவில் வரமாக இருந்தது இங்கே சாபம்.

தெரிந்தவர் ஒருவர் அப்படியொரு காரை நேர்கோட்டில் நாலைந்து தடவை விரட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். குனிந்து பின்டயரைப் பார்த்தேன். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் உருகி, கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. வெளிவிளிம்பில் காலையில் ஒட்டிய தூசி அப்படியே இருந்தது. வளைவில் டயர் முழுதாகப் படியட்டும் என்று சக்கரத்தின் தலையை இரண்டு மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைத்திருந்தார்கள். நேரே போகும்போது அவர் காசு கொடுத்து வாங்கிய டயரில் பாதிதான் வேலை செய்திருக்கிறது.

டயரின் சுவரும் அப்படித்தான். வளைவுக்கு விறைப்பாக வேண்டும். இந்தப் பந்தயத்துக்கான பின்டயரோ கிளம்பும்போது பழைய துணிமாதிரி சுருங்கி மடியும், மடிந்துதான் தரையைப் பிடிக்கும். பின்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் கார் என்றால் சக்கரம் தவளைமாதிரி தத்தும், ஆக்சில் உடைவதும் உண்டு. அதனால்தான் இந்தப் பந்தயக்காரர்கள் பலர் இன்னும் பழைய ஒற்றை அச்சை விடாமல் வைத்திருக்கிறார்கள். காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தப் பின்னால் வைத்த இறக்கையைக் கேட்கவே வேண்டாம். பிடிப்பு தேவைப்படும் தொடக்கத்தில் வேகமே இல்லை, இறக்கை சும்மா நிற்கும். கடைசியில் வேகம் வந்ததும் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

ஆக, பந்தயமே முடுக்கத்துக்குத்தான், அதாவது எவ்வளவு சீக்கிரம் வேகம் கூடுகிறது என்பதற்குத்தான். 'முடுக்கப் பந்தயம்' என்று வையுங்கள்.

பழஞ்சுவடி – புதன், காலை 5.50

திருகுசாவித் தம்பியின் மடலை இரண்டு முறை படித்தேன். எட்டாம் வகுப்பில் இப்படியொரு அறிவியல் ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் 'முடுக்கம்' இடிக்கிறது. முடுக்கு என்றால் என்ன? 'மூலைமுடுக்கெல்லாம் தேடினேன்' என்கிறோமே, அந்த முடுக்கு. சந்து, வளைவு, மூலை. வளைவே இல்லாத பந்தயத்துக்கு வளைவின் பெயரா?

என் பரிந்துரை: காலோட்டம். சிரிக்காமல் கேளுங்கள். தூரம் கால் மைல். கால் என்றால் சக்கரம்: 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற குறளில் வருவது சக்கரம்தானே. கால் என்றால் காற்று. ஒரே சொல்லில் தூரம், உருளி, வேகம் மூன்றும் அடங்குகின்றன. வேறெந்த மொழியில் இது வாய்க்கும்?

அந்தக் குறளே உங்கள் ஏழாம் இயலுக்கு உரை அல்லவா? தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது. இடனறிதலில் வைத்தார் வள்ளுவர். வளைவுக் காரை நேர்கோட்டில் விடாதே என்பதும் அதுதான்.

கரும்பலகை – புதன், காலை 8.15

காலோட்டம் என்று எழுதிப் போட்டால் வகுப்பு மொத்தமும் எழுந்து ஓடும். அது கால்களால் ஓடுவது ஐயா!

திருகுசாவி – புதன், இரவு 11.05

பழஞ்சுவடி ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு சிக்கல்.

ஒன்று, தூரம் எப்போதும் கால் மைல் இல்லை. கால் மைல் 1,320 அடி. அமெரிக்காவில் 2008-இல் பந்தய ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு, நைட்ரோமீத்தேன் ஊற்றி ஓட்டும் மிகவேக வண்டிகளுக்கு 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். பல இடங்களில் கால் மைலில் பாதி, மைலில் எட்டில் ஒரு பங்குதான். உங்கள் கணக்கில் அது 'அரைக்கால் ஓட்டம்'. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா?

இரண்டு, குறள். கடலிலும் நிலத்திலும் ஓடும் வண்டி சில உண்டு. போர்ஷே 911-க்கு எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடை முன்பே அங்கே உட்கார்ந்திருப்பதால் கிளம்பும்போது கவ்விக்கொண்டு போகும், வளைவிலும் பேர் வாங்கிய கார். நிசான் ஜி.டி.-ஆர். நாலு சக்கரத்திலும் விசை கொடுப்பதால் இரண்டு பக்கமும் தேறும். எதிர்ப்பக்கம் 2018 டாட்ஜ் டீமன். நேர்கோட்டுக்கென்றே ஸ்பிரிங்கை இளக்கிச் செய்தது, கால் மைலுக்கு 9.65 நொடி. அதே இளக்கம் வளைவில் காலை வாரும். மாஸ்டா மியாட்டா மாதிரி எடை குறைந்த, சக்தியும் குறைந்த கார்தான் உண்மையிலேயே நிலத்தில் மாட்டிய நாவாய். உடைந்துவிடாது, ஓடும். ஓட்டுபவருக்குக் கொட்டாவி வரும், அவ்வளவுதான்.

செந்தமிழ்ப்பித்தன் – வியாழன், காலை 7.30

'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியர் உரியியலில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு சொற்கள் ஈராயிரம் ஆண்டாகச் சும்மா கிடக்கின்றன. கதழோட்டம். முடிந்தது.

கரும்பலகை – வியாழன், காலை 7.42

கதழ், கதவு, கவளம் என்று மூன்று விதமாகப் படிப்பார்கள். மூன்றாவதைப் படிப்பவன் பசியில் இருப்பான்.

குறிப்பேடு – வியாழன், பிற்பகல் 3.20

இடையில் இன்னொன்று. தொடக்கக் கோட்டில் நிற்கும் விளக்குக் கம்பத்தை மூலநூல் 'கிறிஸ்துமஸ் மரம்' என்கிறது. 1963 முதல் அந்தப் பெயராம். மரம் என்றே விடலாமா?

பழஞ்சுவடி – வியாழன், பிற்பகல் 4.00

கொடிமரம் இருக்கிறதே அம்மா. ஒளிமரம் என்று வையுங்கள்.

திருகுசாவி – வியாழன், இரவு 10.15

ஒளிமரம் அருமை. இந்த வாரத்தில் சண்டையில்லாமல் கிடைத்த ஒரே சொல்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இயலில் சேர்த்துவிடுங்கள். பச்சை எரிந்ததும் கடிகாரம் ஓடாது. கார் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓடும். எதிராளியைவிடக் குறைந்த நேரம் எடுத்தவன், பச்சையைப் பார்த்துத் தாமதமாகக் கிளம்பியதால் தோற்பதும் உண்டு. அதனால் 'ஓட்ட நேரம்', 'கிளம்பும் நேரம்' என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இதில் குழம்பினால் மீதியெல்லாம் குழம்பும்.

குறிப்பேடு – வெள்ளி, பிற்பகல் 1.30

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். முடுக்கப் பந்தயத்துக்கு ஒன்று, காலோட்டத்துக்கு ஒன்று, கதழோட்டத்துக்கு ஒன்று, 'என்னமோ எழுதுங்கள்' மூன்று. மூன்றில் இரண்டு தனிமடலில் வந்தவை. சண்டையிலிருந்து விலகி நேற்றிரவு நானே ஒன்று கட்டினேன்: நேரோட்டப் பந்தயம். வளைவுக் காருக்குச் 'சுற்றுத்தடக் கார்'. காற்றின் டிராக்குக்குக் 'காற்றுத்தடை'. வாக்கியம் இப்போது இப்படி:

"சுற்றுத்தடக் காரை நேரோட்டப் பந்தயத்தில் ஓட்டும்போது காற்றுத்தடை அதிகமாவதால் நேரம் கூடுகிறது."

புரிகிறதா?

கரும்பலகை – வெள்ளி, பிற்பகல் 1.50

புரிகிறது. அனுப்புங்கள்.

திருகுசாவி – வெள்ளி, பிற்பகல் 2.10

முடுக்கம் விட்டுப்போனதில் வருத்தம்தான். நேரே ஓடுவது அல்ல அங்கே விஷயம், எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பது. சரி, அனுப்புங்கள்.

செந்தமிழ்ப்பித்தன் – வெள்ளி, பிற்பகல் 3.00

பந்தயம் ஒட்டிக்கொண்டே வருகிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

குறிப்பேடு – வெள்ளி, மாலை 5.05

அனுப்பிவிட்டேன்.

பழஞ்சுவடி – வெள்ளி, மாலை 6.40

வாழ்த்துகள் அம்மா. ஒரு சின்ன ஐயம். மின்கலத்திலிருந்து ஒரே திசையில் வரும் மின்சாரத்தையும் நேரோட்டம் என்றுதானே பாடநூல்களில் எழுதுகிறார்கள்? எட்டாம் இயல் எதைப் பற்றியது?

குறிப்பேடு – வெள்ளி, மாலை 6.52

மின்கார்கள்.