நெசவாலை மாதிரியில் ரம்பப்பல் கூரை

கேள்வி:
1:87 அளவிலான எச்ஓ மாதிரி ரயில்பாதைக்காக, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பழைய நெசவாலை ஒன்றைச் செய்து வருகிறேன். 30 மீட்டர் நீளக் கட்டடம் ஏறத்தாழ 345 மில்லிமீட்டர் இடம் பிடிக்கிறது. ஆனால் பலகையின் ஓரத்தில் 8 சென்டிமீட்டர் அகலமே எஞ்சியுள்ளது. ரம்பப்பல் கூரையை, அதாவது ரம்பத்தின் பற்களைப் போல அடுத்தடுத்து எழும் கண்ணாடிச் சரிவுகள் கொண்ட கூரையை, எவ்வாறு அமைக்கலாம்?

மறுமொழி 1:
முகப்பையும் அதையொட்டிய சிறு பகுதியையும் மட்டும் செய்து பலகையின் பின்னால் நிற்கும் காட்சித் திரையோடு ஒட்டிவிடுங்கள். நேர்வெயில் விழாமல் தறிகளுக்குச் சீரான ஒளி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அக்கூரை உருவானது என்பதால், கண்ணாடிச் சரிவுகள் வடக்கு நோக்கியே இருக்க வேண்டும். ஆகவே பலகையில் வடதிசையை முதலில் முடிவு செய்யுங்கள். பலர் இதைக் கவனிப்பதேயில்லை.

மறுமொழி 2:
கூரையோடு சுவருக்கும் ஒரு குறிப்பு: செங்கல் சுவரின் வண்ணம் நன்கு காய்ந்தபின், நீர்த்த வெளிர்சாம்பல் வண்ணத்தைப் பூசி உடனே துடைத்தெடுத்தால், அது சாந்துக் கோடுகளில் மட்டும் தங்கும்.