புதுப்பிப்பு: மேட்டில் திணறிய ஏடிவி, காரணம் சிக்கியது

எஸ்டேட் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) 15 நிமிஷம் ஓடியதும் மேட்டில் இழுவை இல்லாமல் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் கிளம்புகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் இல்லையா? காரணம் ஒரு குளவி!

பிளக் மாற்றியது, கார்புரேட்டரை (எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பாகம்) இரண்டு தடவை கழற்றிக் கழுவியது எல்லாம் தண்டம். நேற்று வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியை லூசாக வைத்து ஓட்டினால் சிங்கம் மாதிரி ஏறுகிறது. மூடியிலுள்ள காற்றுக் குழாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று புக வழியில்லை. அதனால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கவில்லை. கம்பியால் குத்தி ஊதிவிட்டேன். இன்று ஒரு மணி நேரம் மேட்டிலேயே ஓட்டினேன், திணறவே இல்லை.

ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: அதுவும் அழுக்குதான், மாற்றிவிட்டேன். மெக்கானிக்குக் கொடுத்த காசுதான் வயிற்றெரிச்சல்.