அம்பாசடரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: காயில் முனையில் இரண்டு விதமான வோல்ட்டேஜ் காட்டுவது ஏன்?

கேள்வி: சேலத்து அம்பி

வணக்கம். என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் டிஸ்ட்ரிபியூட்டரில் (தீப்பொறி மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் கருவி) இருந்த சி.பி. பாயின்டையும் (காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) கண்டென்சரையும் எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும், காந்த வளையத்துடன் வரும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்தினேன். அதன் சிவப்பு வயரைக் காயிலின் (தீப்பொறிக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் கம்பிச்சுருள்) பிளஸ் முனையிலும் கறுப்பு வயரை மைனஸ் முனையிலும் கொடுத்திருக்கிறேன். சாவியிலிருந்து காயிலுக்கு வரும் பழைய வெள்ளை வயரை நான் தொடவே இல்லை.

சமதளத்தில் வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் காலையில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிப்பதில்லை. சலித்துப்போய்ச் சாவியை விடுகிற அந்த நொடியில்தான் பிடிக்கிறது. மழையில் வைப்பரையும் ஓடவிட்டு மேடு ஏறினால் இடறுகிறது. பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கும்போது, சாவியை ஆன் செய்து காயிலின் பிளஸ் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் ஒரு சமயம் 12.4, இன்னொரு சமயம் 10.3 காட்டுகிறது. இடையில் நான் செய்ததெல்லாம் வண்டியைக் கியரில் போட்டு ஒரு சாண் தள்ளியது மட்டுமே. செல்ஃப் அடிக்கும்போது அதே முனையில் 7.6தான் வருகிறது. காயிலின் தடை 3.1 ஓம், காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் எதுவும் தனியாக இல்லை. புதிய மாட்யூல் கெட்டுவிட்டதா?

மறுமொழி: காயில் கிறுக்கன்

மாட்யூல் கெடவில்லை, நண்பரே. அந்த ஒரு சாண் தள்ளியதில்தான் விடை இருக்கிறது. எஞ்சின் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாட்யூல் காயிலுக்கு எர்த் (மின்னோட்டம் பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி) கொடுத்துக்கொண்டோ, கொடுக்காமலோ இருக்கும். கொடுக்காதபோது காயிலில் மின்னோட்டமே இல்லை, ஆகவே வழியில் எவ்வளவு தடை இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜைத்தான் காட்டும். எர்த் கொடுக்கும்போது ஏறக்குறைய 3.3 ஆம்பியர் ஓடுகிறது, 2.2 வோல்ட் குறைகிறது என்றால் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே 0.65 ஓம் அளவுக்குத் தடை ஒளிந்திருக்கிறது என்று பொருள். நாற்பது ஆண்டு பழைய சாவி சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகளும் துருவேறிய இணைப்புகளுமாகச் சேர்ந்து அவ்வளவு தடையைத் தருவதில் வியப்பில்லை. வைப்பரும் அதே சுவிட்ச் வழியாகத்தான் மின்சாரம் வாங்குகிறது, அதனால்தான் மழையில் இடறுகிறது. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 12.5க்குப் பதில் 10.3 கிடைத்தால் தீப்பொறியின் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 7.6 வோல்ட்டில் மாட்யூல் தடுமாறுவதும் இயல்பே; சாவியை விட்டதும் செல்ஃபின் சுமை விலகி வோல்ட்டேஜ் எழும்புகிறது, எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, உடனே பிடித்துக்கொள்கிறது.

சுவிட்சை மாற்றுவதைவிட ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) போடுவதே சரியான வழி என்பேன். செல்ஃப் சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) பேட்டரி முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87இலிருந்து காயிலின் பிளஸ் முனைக்குப் புதிய வயர் போகட்டும். மாட்யூலின் சிவப்பு வயர் அங்கேயே இருக்கலாம். ரிலேயை இயக்கும் முனைகள் 86, 85. பழைய வெள்ளை வயரைக் காயிலிலிருந்து கழற்றி 86க்குக் கொடுத்து, 85ஐ பாடியில் எர்த் செய்யுங்கள். ரிலேக்கு 0.15 ஆம்பியர் போதும் என்பதால் பழைய வழியில் இனி 0.1 வோல்ட்தான் குறையும். ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆனில் வைத்து அளக்காதீர்கள், காயிலும் மாட்யூலும் சூடேறும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

தம்பி சொன்னது சரி. ஆனால் பிளஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை மறந்துவிடக் கூடாது. மீட்டரின் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் சிவப்பு முள்ளை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டை உடம்போடு இணைக்கும் பின்னல் வயரையும் பாருங்கள். தட்டு ஆடி ஆடி அதன் இழைகள் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் தண்ணீர் உள்ளே இறங்காது. கழற்றிய சி.பி. பாயின்டையும் கண்டென்சரையும் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள். பாயின்ட் கெட்டால் அட்டையை வைத்துத் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் அந்த வழி இல்லை.

சேலத்து அம்பி

இருவருக்கும் மிக்க நன்றி. ரிலே போட்டுவிட்டேன், செல்ஃப் தொட்டவுடன் பிடிக்கிறது. ஐயா சொன்னபடியே பின்னல் வயரில் பாதி இழைகள் அறுந்திருந்தன, அதையும் மாற்றிவிட்டேன். ஆனால் இப்போது சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்க மறுக்கிறது! ஃபியூஸைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். அப்போது டேஷ்போர்டில் சார்ஜிங் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

மறுமொழி: காயில் கிறுக்கன்

மன்னிக்கவும், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த மங்கலான விளக்குதான் குற்றவாளி. சார்ஜிங் விளக்கின் ஒரு முனை வெள்ளை வயரோடும் மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கிறது. எஞ்சின் சுற்றும்வரை ஆல்டர்னேட்டர் அந்த விளக்கின் வழியாகவே பின்புறமாக ரிலேக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும். முன்பு காயிலுக்கு 3 ஆம்பியருக்கு மேல் தேவைப்பட்டதால் சின்னஞ்சிறு விளக்கால் அதைத் தர முடியவில்லை. ரிலேயைப் பிடித்துவைக்க அந்தக் கசிவே போதும். விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் வயரில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைத் தொடராக இணையுங்கள். அதன் வெள்ளிக்கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சாவியை ஆன் செய்தாலும் விளக்கு எரியாது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சேலத்து அம்பி

டயோடு போட்டாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நிற்கிறது. மின்னோட்டம் ஓடும் நிலையில் வைப்பரையும் போட்டுவிட்டு அளந்தேன்; காயிலின் பிளஸ் முனையில் 12.2 வோல்ட்.