அந்த வெள்ளை நூல்: நம் ஊர் இத்தாலிய உணவகத்தில் ஸ்பகெட்டி வெந்ததா, வேகவில்லையா?

செக்காலை:
தேவகோட்டை நண்பர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. காரைக்குடியில் நான் ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் சாப்பிடும் இத்தாலிய உணவகத்தில் “வேகாத சேமியாவுக்கு 380 ரூபாய் வாங்குகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். அது சேமியா அல்ல, ஸ்பகெட்டி. வேகாததும் அல்ல. இத்தாலியர்கள் அந்தப் பதத்தை ‘அல் தென்தே’ என்பார்கள். ‘பல்லுக்கு’ என்று பொருள். கடிக்கும்போது பல்லுக்குச் சற்று எதிர்ப்பு இருக்க வேண்டும். முன்னால் எடுத்தால் பச்சை மாவு, பின்னால் எடுத்தால் கூழ். இடையில் இருப்பது ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான். அந்த நேரத்தைத் தவறவிடாமல் அங்கே சமைக்கிறார்கள். என் அம்மாவின் 70ஆவது பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடினோம். கோழிக் குழம்பும் இடியாப்பமும் தவிர வேறு எதையும் வெளியில் தொடாத அம்மா, தட்டில் ஒரு இழை மிச்சம் வைக்கவில்லை. ஒரே ஒரு நாள் வந்து போனவர் அவர்கள் பிழைப்பில் கை வைப்பது அநியாயம்.

தேவகோட்டை:
யார் பிழைப்பிலும் நான் கை வைக்கவில்லை. நடந்ததை எழுதினேன். ஒரு இழையைக் கடித்து, கடித்த இடத்தைப் பார்த்தேன். நடுவில் வெள்ளை நூல் ஓடியது. அது மாவு. என் மகளின் தட்டிலும் அதே வெள்ளை நூல். இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தாருங்கள் என்று பரிமாறியவரிடம் கேட்டேன். “இதுதான் முறை” என்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் இரண்டு தட்டு பார்த்துவிட்டேன்.

செக்காலை:
அந்தப் பழமொழி சோற்றுக்குச் சொன்னது. சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துப் பதம் அறிகிறோம். பாஸ்தாவைப் பல்லால் அறிய வேண்டும். சோற்றின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் ஸ்பகெட்டியை அளந்திருக்கிறீர்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
பதம் என்ற சொல்லை எடுத்துவிட்டதால் நான் பேசுகிறேன். முப்பது வருடம் கல்யாண வீடுகளில் அடுப்பை மேற்பார்த்தவள் நான். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது ஒரு பதம். இடியாப்பம் என்றால் இழை இழையாகப் பிரிய வேண்டும், வாயில் வைத்தால் கரைய வேண்டும். கவுணி என்ற கறுப்பு அரிசியை முந்தின இரவே ஊறப் போடாவிட்டால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மேல்தோல் விறைத்துக்கொண்டே நிற்கும். அதைக் கொண்டுவந்து பந்தியில் வைத்துவிட்டு “பர்மாவில் இப்படித்தான் சாப்பிடுவார்கள்” என்று சொன்னால் எந்தச் சம்பந்தி ஏற்றுக்கொள்வார்? நடுவில் மாவு தெரிந்தால் அது வேகவில்லை. எந்த நாட்டுப் பெயர் வைத்தாலும் வேகவில்லை.

செக்காலை:
ஆச்சி, உங்கள் அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கவுணி அரிசியையும் இடியாப்பத்தையும் இதில் கொண்டுவராதீர்கள். இடியாப்பம் அரிசி மாவு. பாஸ்தா கடின கோதுமையின் ரவையில் செய்வது. உலர்ந்த பாஸ்தாவைக் கடின கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தக் கோதுமையின் புரதம்தான் கடிக்கும்போது எதிர்ப்புத் தருகிறது. அரிசியில் அது கிடையாது.

நம் கோழி வறுவலுக்கு வெளியூரில் என்ன கதி என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிக்கொண்டு, மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டி, சிவப்புச் சாயம் கலந்து விற்கிறார்கள். கல்பாசி இல்லை. மராத்தி மொக்கு இல்லை. மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த மணம் இல்லை. கேட்டால், வாடிக்கையாளர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று பதில் வருகிறது. நமக்கு வயிறு எரிகிறது அல்லவா? எங்கள் சமையலை எங்கள் முறையில் செய் என்று நாம் சொல்லலாம், இத்தாலியன் சொல்லக்கூடாதா? நம் ஊரில் ஒருவர் அவர்கள் முறையை மதித்துச் சமைக்கிறார். அவரைப் போய்க் குழைத்துக் கொடு என்று கேட்பது, நம் கோழியில் சாயம் கலப்பதற்குச் சமம்.

தேவகோட்டை:
சாயம் பற்றி நான் பேசவில்லை. வெள்ளை நூல் பற்றிப் பேசினேன். அது இருந்ததா, இல்லையா? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மானகிரி:
நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தண்ணீர் இழையின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே ஊறுகிறது. மாவுச்சத்து தண்ணீரை வாங்கி உப்புகிறது, புரதம் இறுகி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீர் போதிய அளவு போய்ச் சேராத இடம் நடுவில் வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற இத்தாலியர் ஜோர்ஜோ பரீசி, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவைத்தாலே பாஸ்தா வெந்துவிடும், எரிவாயு மிச்சமாகும் என்ற யோசனையை அடுத்த ஆண்டு ஆதரித்தார். அவர் நாட்டுச் சமையல்காரர்களே அவர்மேல் பாய்ந்தார்கள்.

செக்காலை:
பார்த்தீர்களா? நோபல் பரிசு வாங்கினாலும் அடுப்படியில் சமையல்காரன் சொல்தான் செல்லும். பதத்தை அவர்கள் அந்த அளவுக்குக் காக்கிறார்கள்.

மானகிரி:
நான் அதைச் சொல்லவில்லை. நடுவில் வெள்ளை தெரிந்தால் அங்கே தண்ணீர் சேரவில்லை என்று சொன்னேன்.

தேவகோட்டை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செக்காலை:
மானகிரி தம்பி, நீங்கள் ஒரு முறையாவது அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு தட்டில் இருப்பதைத் தீர்மானிக்க முடியாது. நல்ல சமையல்காரர் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே இழையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவார். பிறகு அந்த வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்து, குழம்புச் சட்டியிலேயே புரட்டி முடிப்பார். தண்ணீரில் கரைந்த மாவுச்சத்து குழம்பை இழையோடு ஒட்டவைக்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள் அங்கே சமைக்கிறார்கள். இத்தாலி நமக்குப் புதிதும் அல்ல. நம் வீடுகளின் முகப்பில் கால் வைத்தாலே இத்தாலிய மார்பிள்தான். நம் முன்னோர்கள் கப்பலில் வரவழைத்துப் பதித்தார்கள். அந்த ரசனையில் வந்தவர்கள் இன்று ஒரு தட்டு ஸ்பகெட்டியைக் கண்டு மிரளலாமா?

ஆத்தங்குடி:
இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நீங்கள் புகழும் அந்த உணவகத்தின் தரை என்ன கல் என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா? ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணத்தைக் கரண்டியால் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறோம். ஒவ்வொரு கல்லும் ஒரு ஆளின் உழைப்பு. எங்கள் ஊர்க் கல்லின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இத்தாலிய மார்பிளின் பெருமை பேசுகிறீர்கள். எங்கள் வயிறு எரியாதா?

செக்காலை:
ஆத்தங்குடிக் கல்லை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டு வளவிலும் அதுதான் இருக்கிறது. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிய மார்பிள், ஆத்தங்குடிக் கல் எல்லாம் சேர்ந்ததால்தான் 2014இல் நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நாம் என்று சொல்ல வந்தேன். அதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கிறீர்கள்.

ஆத்தங்குடி:
பட்டறையில் இன்று வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? ஸ்பகெட்டிக்கு இத்தனை பேர் வந்துவிட்டீர்கள்.

புதுவயல்:
நூடுல்ஸை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுபோய்த்தான் இத்தாலியில் பாஸ்தா வந்தது. கடன் வாங்கிய பண்டத்துக்கு இவ்வளவு சட்டதிட்டம் எதற்கு?

கண்டனூர்:
அது தவறு. மார்க்கோ போலோ வெனிஸ் திரும்பியது 1295இல். அதற்கு 140 வருடம் முன்பே, 1154இல், அரபு புவியியலாளர் இத்ரீசி சிசிலித் தீவில் பாஸ்தா செய்து கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்பியதைப் பதிவு செய்திருக்கிறார். மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர். அந்த வகையில் அவரைக் கொண்டாடுவோம். பாஸ்தாவை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் கப்பலில் பொறியாளராக இருந்தவன். இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் பல முறை கரையிறங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். துளசி இனத்து இலையை அரைத்த பச்சைச் சட்னி ஒன்று அங்கே பெயர் பெற்றது. அதற்கான பாஸ்தாவை வேகவைக்கும் பானையிலேயே உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் போடுவார்கள். அங்கும் விறைப்பாகத்தான் கொடுத்தார்கள், செக்காலை அண்ணன் சொல்வது சரி. ஆனால் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது நடுவில் தெரிந்த முடி போன்ற வெள்ளை, தட்டில் வரும்போது இருக்காது. குழம்பில் புரளும்போது அது மறைந்துவிடும். தேவகோட்டை நண்பர் தட்டில் வெள்ளை நூலைப் பார்த்தார் என்றால் அன்று சட்டியில் போதிய நேரம் புரட்டவில்லை.

செக்காலை:
கண்டனூர் அண்ணன் சொன்னதில் முதல் பாதியை எல்லோரும் கவனியுங்கள்: “விறைப்பாகத்தான் கொடுத்தார்கள்.” இத்தாலி மண்ணில் சாப்பிட்டவரின் சாட்சி இது.

தேவகோட்டை:
இரண்டாம் பாதியையும் கவனியுங்கள். தட்டில் வெள்ளை நூல் இருக்கக்கூடாது. என் தட்டில் இருந்தது.

இன்னொன்று. என் மகள் தேடிக் கொடுத்தாள். 15ஆம் நூற்றாண்டில் மார்த்தீனோ என்ற பெயர் பெற்ற இத்தாலியச் சமையல்காரர், சிசிலி மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்லியிருக்கிறார். ஆகவே பல்லுக்கு எதிர்ப்பு என்பது ஆதி காலத்து மரபு அல்ல. அவர்கள் முன்னோர்களும் நம்மைப் போலக் குழைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

செக்காலை:
ஐநூறு வருடத்துக்கு முன்னால் உள்ளதை வைத்து இன்றைய சமையலைத் தீர்மானிப்பதா? ஐநூறு வருடத்துக்கு முன்னால் நம் அடுப்படியில் மிளகாயும் இல்லை, தக்காளியும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நாளைக்கு உங்கள் வீட்டுக் குழம்பில் மிளகாயை நிறுத்திவிடுவீர்களா? ஒரு மரபு வளர்ந்து எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் அதை மதிக்க வேண்டும். இன்று இத்தாலியில் குழைந்த ஸ்பகெட்டியை விருந்தாளி முன் வைப்பது அவமானம். அந்த அவமானம் நம் ஊர்ச் சமையல்காரருக்கும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெருமை. அதனால்தான் அவர் மறுத்தார்.

பள்ளத்தூர் ஆச்சி:
விருந்தாளி கேட்டதை மறுப்பது பெருமையா தம்பி? எங்கள் பந்தியில் பல் இல்லாத ஐயாவுக்கு என்று ஒரு கரண்டி சோற்றைத் தனியாகக் குழைத்து வைப்போம். அதனால் எங்கள் சமையல் கெட்டுப்போய்விட்டதா? கேட்டவருக்கு மூன்று நிமிடம் கூடுதலாக வேகவைத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

செக்காலை:
ஆச்சி, கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி என்று இறங்கினால் அடுத்து அதில் தக்காளி சாஸ் ஊற்றச் சொல்வார்கள். கருவேப்பிலை தாளிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் அதுவும் நடக்கிறது. இந்த ஒரு இடமாவது அப்படி ஆகாமல் இருக்கட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
முறையைப் பற்றி நீங்கள் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன ஆடி மாதம் இதே இடத்தில் வெள்ளைப் பணியாரத்தைக் குழிக் கல்லில் ஊற்ற வேண்டும் என்று எழுதியவர் நீங்கள். மறந்துவிட்டீர்களா? உழக்கு நிறையப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக வைத்து, ஊறவைத்து, வெண்ணெய் போல ஆட்டி, காய்ந்த எண்ணெயில் கரண்டியால் ஒவ்வொன்றாக விட்டு எடுப்பது வெள்ளைப் பணியாரம். குழிக் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சொந்த ஊர்ப் பணியாரத்தின் முறை தெரியாதவர் இத்தாலியின் முறையைக் காக்கப் புறப்பட்டிருக்கிறார்.

செக்காலை:
நான் எழுதியது கருப்பட்டிப் பணியாரத்தைப் பற்றி. அன்றே விளக்கம் சொன்னேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
விளக்கம் சொன்னது மறுநாள். முதலில் எழுதியது வெள்ளைப் பணியாரம். நூறு பேர் படித்தார்கள்.

கண்டனூர்:
பணியாரத்தை வேறு இடத்தில் பேசலாமே. என் கேள்வி இதுதான்: அன்று சட்டியில் எவ்வளவு நேரம் புரட்டினார்கள்?

செக்காலை:
அதைத் தேவகோட்டை நண்பர் அல்லவா அன்றே கேட்டிருக்க வேண்டும்? ஆறு வருடத்தில் முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு நாளும் என் தட்டில் மாவு தெரிந்ததில்லை. பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டியைத்தான் நான் கேட்பேன். அதில் எந்தக் குறையையும் குழம்பு மறைக்காது. இழை சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். முந்நூறு தட்டுகளை விட்டுவிட்டு இரண்டு தட்டுகளை எதற்கு நம்ப வேண்டும்?

தேவகோட்டை:
உங்கள் முந்நூறு தட்டுகளுக்கு நான் காசு கொடுக்கவில்லை. என் இரண்டு தட்டுகளுக்குக் கொடுத்தேன். இரண்டிலும் வெள்ளை நூல் இருந்தது.

செக்காலை:
வரும் ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு, முற்றத்துத் தூணை ஒட்டிய மேசையில் இருப்பேன். உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். நான் காசு கொடுக்கிறேன். என் கண்ணெதிரே ஒரு இழையைக் கடித்துக் காட்டுங்கள்.

தேவகோட்டை:
அந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். வரமாட்டேன்.

செக்காலை:
வராதவருக்குப் பேசவும் உரிமை இல்லை.

ஆத்தங்குடி:
போகிறவர்கள் தரையையும் ஒரு முறை பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
குழிக் கல் என்று எழுதியது தவறு என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.