மடக்குச் சவரக்கத்தியில் ஷேவ்: தொடங்க என்னென்ன வேண்டும்?

வைகைக்கரை:
இப்போது டபுள் எட்ஜ் ரேஸர் பயன்படுத்துகிறேன். பிளேடு மாற்றாமல், தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் மடக்குக் கத்திக்கு மாற ஆசை. மூன்று சந்தேகங்கள். சலூன்களில் அரை பிளேடு சொருகும் கத்தியில் முதலில் பழகலாமா? சாணைக்கல் உடனே வாங்க வேண்டுமா? கத்தியில் எதைப் பார்த்து வாங்குவது? முடி தடிப்பு, கழுத்தில் சீக்கிரம் எரிச்சல் வரும்.

சாணைக்கல்:
கல் இப்போது வேண்டாம். கத்தியை முகத்துக்கு ஏற்ற கூரில் தீட்டியே அனுப்புகிறவரிடம் வாங்குங்கள், அதுதான் முதல் காரியம். கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த நல்ல கத்திகூடப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஷேவ் செய்யும் கூரில் இல்லாமல் இருக்கலாம். மழுங்கிய கத்தியோடு போராடிவிட்டு, தனக்குக் கை பழகவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அலகின் அகலம் 5/8 அங்குலம் (சுமார் 16 மி.மீ.) அல்லது 6/8. நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி காதோரக் கோட்டுக்கு நல்லது, ஆனால் பழகாத கையில் அந்த மூலைதான் முதலில் கீறும். தடித்த முடி என்பதால், பக்கங்களை மிக மெல்லியதாகக் குடைந்த கத்தியைவிட அரைக்குழிவுக் கத்தி உங்களுக்கு நிதானமாகப் போகும். அலை அலையாய்ப் பூவேலை போட்டு மலிவாக விற்பவற்றைத் தொடாதீர்கள். முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படியாத கத்தியை எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறாது.

அடுத்தது தோல் வார், அதாவது ஷேவுக்கு முன் கத்தியை ஓட்டிக் கூரைச் சீராக்கும் பட்டை. 2.5 முதல் 3 அங்குல அகலம், இரண்டு பட்டைகள்: ஒன்று தோல், இன்னொன்று துணி. முதல் வார் மலிவானதே போதும், எப்படியும் வெட்டுப்படும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் விளிம்பு உருண்டு கூர் போய்விடும். கத்தியை முழுக்கப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர ஓட்டுங்கள். கடைசியில் நிறுத்தி, முதுகு வாரிலேயே இருக்க, கூரை மட்டும் மேலே தூக்கி உருட்டித் திருப்புங்கள். நிற்பதற்கு முன்பே திருப்பும்போதுதான் தோல் வெட்டுப்படுகிறது. ஷேவுக்கு முன் துணியில் 20–30, தோலில் 50–60 தடவை (போய் வருவது ஒன்று). அழுத்தவே கூடாது. வேகம் தானாக வரும், முதலில் மெதுவாகவே செய்யுங்கள்.

இப்படி வாரிலேயே சில மாதங்கள் ஓட்டலாம். கூர் குறையத் தொடங்கினால் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு (0.5 மைக்ரான்) தடவிய துணியில் 10 தடவை. அதற்கும் மசியாதபோதுதான் கல். பெரும்பாலும் 8000, 12000 கிரிட் போதும் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நயமானது). 1000 கிரிட் கல்லின் வேலை, விளிம்பு பெயர்ந்தாலோ கூருக்கு இருபுறமும் உள்ள சரிவைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தாலோதான். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும்.

நுரைவாசி:
அரை பிளேடு கத்தியில் பழகலாம் என்று பலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். பிடி, தோலை இழுப்பது இரண்டும் அதில் பழகும் என்பது உண்மை. ஆனால் அது எடையில்லாத கத்தி. பிளேடின் மூலைகள் கூர்மையானவை, விளிம்பும் துளி அழுத்தத்தை மன்னிக்காது. எரிச்சல் வரும் கழுத்துக்கு அது கடினமான ஆசிரியர். வார் பிடிக்கவும் அதில் கற்க முடியாது.

முதல் வாரம் கன்னம் மட்டும். மிச்சத்தை இப்போதைய ரேஸரிலேயே முடியுங்கள். பிறகு தாடையோரம், கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசியில். பிடிக்கும்போது மூன்று விரல் கத்தியின் கழுத்தின் (அலகுக்கும் மூட்டுக்கும் நடுவிலுள்ள தண்டின்) மேல், சுண்டுவிரல் மூட்டுக்குப் பின்னால் நீளும் வாலில், கட்டைவிரல் அடியில். கத்தியைக் கன்னத்தில் படுக்கவைத்து, முதுகைத் தன் தடிமனைப் போல இரண்டு மடங்கு மட்டும் தூக்குங்கள். மறுகையால் தோலை இழுத்துப் பிடிக்காமல் ஒரு இழுப்புகூட வேண்டாம். கூரின் போக்கில் பக்கவாட்டில் நகர்ந்தால் வெட்டுதான்.

டப்பா நுரையை விட பிரஷும் சோப்பும் வழுக்கல் தரும். பன்றி முடி பிரஷ் என்றால் 2–3 நிமிடம் ஊறவிட்டு உதறி, சோப்பில் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிறகு அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாகத் தண்ணீர் சேர்த்து, குமிழி தெரியாமல் தயிர்போலப் பளபளக்கும் வரை அடியுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. வெட்டாமல் முடியைப் பிடித்து இழுத்தால் குற்றம் கத்தியிலா, கையிலா?

சாணைக்கல்:
கன்னத்தில் சரியாகப் போய் மோவாயில் மட்டும் இழுத்தால் கை. கோணம் மாறியிருக்கும் அல்லது தோல் தொய்ந்திருக்கும், நுரையும் காய்ந்திருக்கலாம். கன்னத்திலேயே இழுத்தால் கூர். கைமுடியின் மேல் தோலைத் தொடாமல் அரை செ.மீ. உயரத்தில் ஓட்டிப் பாருங்கள். முடி சத்தமின்றி அறுந்தால் கத்தி சரி. நேற்று அறுத்து இன்று அறுக்கவில்லை என்றால், வார் பிடித்ததில் கூர் போயிருக்கிறது.

நுரைவாசி:
கழுத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பலருக்கு அங்கே அது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். படுத்த போக்கிலேயே ஒரு முறை, வேண்டுமானால் குறுக்கே ஒரு முறை, அவ்வளவே. எதிர்ப்போக்கு ஒரு மாதத்துக்கு வேண்டாம். கீறினால் ஈரப் படிகாரம் தேய்த்துச் சற்று விட்டுக் கழுவுங்கள்.

கார்பன் எஃகுக் கத்தி கடலோர ஊர்களில் ஒரே இரவில் புள்ளி பிடிக்கும். ஆணி இருக்கும் மூட்டுக்குள் தண்ணீர் போக விடாதீர்கள். துடைத்து ஒரு மணி நேரம் விரித்தே வையுங்கள், பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைப் பூசி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், வேண்டாம்.