எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டது, கரண்ட் அக்கவுண்ட் முடங்கிக் கிடக்கிறது. வழி உண்டா?

பெட்டிக்காரன்:
வணக்கம். அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறேன், புரொப்ரைட்டர்ஷிப்தான். கிராஃப்ட் பேப்பர் சப்ளை செய்த ஒரு கம்பெனியோடு தகராறு. 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) கேட்டிருந்தேன். வந்த ரீல்களில் பாதி 100-ஐத் தாண்டவில்லை. அவற்றைத் திருப்பி அனுப்பி, அந்தத் தொகையைக் கழித்து டெபிட் நோட் போட்டேன். ரீல்களை ஏற்றிக்கொண்டு போன அவர்களுடைய டிரைவர் சலானில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

போன வாரம் பேங்கில் இருந்து போன். கோர்ட் உத்தரவு வந்திருக்கிறது, அக்கவுண்டில் இருந்து பணம் எடுக்க முடியாது என்கிறார்கள். விசாரித்தால், வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நான் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி டிகிரி (ஒருதலைத் தீர்ப்பு) வாங்கி நாலு மாதம் ஆகிறதாம். 9 லட்சத்துச் சொச்சம், அதற்கு மேல் வட்டி. எனக்குச் சம்மனே வரவில்லை. யூனிட்டை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று, சம்மன் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும் போல. 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்கிறார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டதே? வழக்கைத் திரும்ப நடத்த வழி உண்டா, இல்லை கட்டித் தொலைக்க வேண்டியதுதானா?

வாய்தா_ராசா:
நேராக அப்பீல் போங்க சார். எக்ஸ்பார்ட்டி டிகிரி மேல் அப்பீல் போக சட்டத்தில் இடம் இருக்கு. கீழ்க்கோர்ட்டில் மனுப் போட்டு மல்லுக்கட்டுவது டைம் வேஸ்ட்.

பழைய_குமாஸ்தா:
ராசா சொல்வது போல அப்பீல் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய் எதைக் காட்டுவார்? கீழ்க்கோர்ட் கட்டில் (வழக்கு ஆவணங்களில்) வாதியின் சாட்சியமும் அவர் போட்ட பில்லும்தான் இருக்கும். இவருடைய டெபிட் நோட் அதில் கிடையாது. அந்த அப்பீல் தள்ளுபடியானால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13-இல் செட் அசைட் மனு (டிகிரியை ரத்து செய்யக் கேட்கும் மனு) போடும் வழியும் அடைபட்டுவிடும். அந்த ரூலின் விளக்கத்திலேயே அப்படி இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் போடத் தடையில்லை என்று பானு குமார் ஜெயின் வழக்கில் 2004-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சம்மன் சார்வே ஆகாத (உங்களிடம் சேராத) கேஸில் செட் அசைட் மனுதான் முதலில்.

30 நாள் விஷயத்துக்குப் பயப்படாதீர்கள். லிமிடேஷன் சட்டம் ஆர்ட்டிகிள் 123-ஐப் பாருங்கள். சாதாரணமாக டிகிரி தேதியில் இருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சார்வாகாவிட்டால், டிகிரி பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளில் இருந்து 30 நாள். பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தாலும் இந்தக் கணக்குக்கு அது முறையான சார்வு ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பேங்க் போனில் சொன்னதை வைத்து நிரூபிக்க முடியாது, மெயிலாகவோ கடிதமாகவோ வாங்கி வையுங்கள். பிரிவு 5-இல் தாமத மன்னிப்பு மனுவும் கூடவே போய்விட வேண்டும். சார்வு சரிதான் என்று நீதிபதி நினைத்துவிட்டால் அது ஒன்றுதான் காப்பாற்றும்.

மனு எழுதுவதற்கு முன்னால் கட்டைப் பாருங்கள். நகல் மனுப் போட்டு, தபால் கவர் என்ன குறிப்போடு திரும்பியது, அமீனா ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று வரிவரியாகப் படியுங்கள். கதவில் ஒட்டியதாக இருந்தால், என்ன சூழ்நிலையில் ஒட்டினார், இடத்தை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதெல்லாம் ஆர்டர் 5 ரூல் 17-படி அதில் வர வேண்டும். "கதவு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்த ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆதாரம் உங்கள் ஃபைலிலேயே இருக்கலாம். இடம் மாறிய பிறகு அவர்கள் சரக்கு அனுப்பினார்களா? அப்படியானால் அவர்கள் போட்ட இன்வாய்ஸையும் இ-வே பில்லையும் எடுங்கள். புது விலாசத்தில் ரீலை இறக்கிவிட்டு, பிளெயிண்டில் (வழக்குரையில்) பழைய விலாசத்தைப் போட்டவர் நீதிபதிக்கு என்ன பதில் சொல்வார்? ஜிஎஸ்டி பதிவில் விலாசம் மாற்றிய சான்றிதழையும் சேருங்கள். வணிக வழக்கு என்பதால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், வணிக நீதிமன்றச் சட்டம் பிரிவு 12ஏ-படி முதலில் சமரசத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போனது என்பதும் கட்டில் தெரியும்.

இன்னொன்று. ஆர்டர் 37 சம்மரி சூட்டாக (சுருக்க முறை வழக்காக) இருந்தால் கதையே வேறு. அங்கே ரூல் 4-படி விசேஷக் காரணம் காட்ட வேண்டும், கையில் நல்ல எதிர்வாதம் இருக்கிறது என்றும் அந்த மனுவிலேயே காட்ட வேண்டும்.

சப்ளையர்_பக்கம்:
நான் சரக்கு விற்பவன், நான் இப்படி வாங்கிய டிகிரியை ரத்து செய்ய வைத்தவர்களைப் பார்த்து வயிறெரிந்தவன். பாதிப் பேர் சம்மன் வந்தது தெரிந்தே கம்மென்று இருப்பார்கள். பெட்டிக்காரன் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: வாட்ஸ்அப்பில் கேஸ் பற்றி ஏதாவது வந்ததா? எங்கள் வக்கீல் முதலில் அதைத்தான் தேடுவார். விசாரணைத் தேதி தெரிந்து, ஆஜராக அவகாசமும் இருந்தது என்று காட்டிவிட்டால், சார்வில் குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் டிகிரியை ரத்து செய்ய மாட்டார்கள்.

பெட்டிக்காரன்:
தேடிப் பார்த்தேன். "இனி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் மேனேஜர் ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். நான் பதில் போடவில்லை. வழக்கு எண், தேதி எதுவும் அதில் இல்லை. கடைசி இரண்டு இன்வாய்ஸிலும் புது விலாசம்தான் இருக்கிறது! மனுப் போட்டால் அக்கவுண்ட் திறந்துவிடுமா?

பழைய_குமாஸ்தா:
தானாகத் திறக்காது. நிறைவேற்றுதல் மனுவை நிறுத்திவைக்கத் தனியாக ஒரு தடை மனு வேண்டும். டிகிரித் தொகையில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டு, செலவுத்தொகை கொடு என்று நிபந்தனை போடலாம். ரூல் 13 அதற்கு இடம் கொடுக்கிறது. அதற்கான பணத்தை இப்போதே ஏற்பாடு செய்து வையுங்கள். கெடு தவறினால் மனு போய்விடும்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜை அபிடவிட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். வழக்குப் போடுவேன் என்ற மிரட்டல் விசாரணைத் தேதி பற்றிய தகவல் ஆகாது. ஆனால் நீங்கள் மறைத்து, அவர்கள் எடுத்து நீட்டினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். எதிர் வழக்குரையையும் (வழக்குக்கு உங்கள் பதில்) டெபிட் நோட், சலானோடு தயார் செய்து மனுவுடன் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வணிக வழக்கில் சம்மன் சார்வாகி 120 நாள் தாண்டினால் எதிர் வழக்குரையை ஏற்க மாட்டார்கள், அந்தச் சண்டைக்கு இடமே கொடுக்க வேண்டாம். நாளைக்கே வக்கீலிடம் நகல் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.